மூன்று அங்குலக் குழாயும் ஒரு கன்ரர் லொறியும்: டர்போ டீசல் வாகனத்தில் புகைக்குழாய் மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மருதனார்மடம் சந்தையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் ஒருவர், தமது மிற்சுபிசி கன்ரர் லொறியின் புகைக்குழாயை மாற்றி மூன்று மாதங்கள் கழிந்த பின்னர் எமது திருத்தகத்துக்கு வந்தார். அவர் வந்தது இழுவைக் குறைபாட்டுக்காக அல்ல. நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பலகடுவ இறக்கத்தில் சுமையோடு இறங்கியபோது பிரேக் லைனர் கருகும் மணம் எழுந்து, பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்ததைக் கண்டு பயந்துபோய் வந்திருந்தார். புகைக்குழாயைப் பற்றி நாங்கள் கேட்டபோது அவருடைய முகம் மலர்ந்தது. “அதை மட்டும் தொடாதேங்கோ அண்ணை. மாத்தின நாளில இருந்து லொறி பறக்குது” என்றார்.

இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்தைப் பரிசோதித்ததன் விளைவு. குழாயை மாற்றிய பின் லொறி விரைவாகவே ஓடியது என்பதில் எமக்கு ஐயம் இல்லை. அவர் இருபது ஆண்டுகளாக லொறி ஓட்டுபவர், இழுவை கூடியதா குறைந்ததா என்பதை அவருடைய கால் அறியும். எமக்கு எழுந்த கேள்வி, அந்த வேகத்தை அவருக்குக் கொடுத்தது புதிய குழாயா அல்லது பழையது கழற்றப்பட்டதா என்பதே. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடுத்து எதற்குக் காசு செலவழிப்பது என்ற இடத்தில் வேறாகிவிடுகின்றன.

வாகனமும் அதில் செய்யப்பட்டிருந்த மாற்றமும்

லொறியில் இருப்பது 4டி34 வகை டர்போ டீசல் இயந்திரம். டர்போ என்பது, வெளியேறும் புகையால் சுழலும் டர்பைன் சக்கரத்தின் வலுவைக் கொண்டு இயந்திரத்துக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. நான்கு சிலிண்டர், 104 மில்லிமீற்றர் விட்டம், 115 மில்லிமீற்றர் வீச்சு, கொள்ளளவு ஏறத்தாழ 3.9 லீற்றர். டீசலைத் தள்ளுவது கணினியின் கட்டுப்பாட்டில் இல்லாத பழைய இயந்திரப் பம்ப். இந்த லொறியின் பம்பில், டர்போ தரும் காற்றழுத்தத்தை ஒரு சிறு இறப்பர்க் குழாய் வழியாக உணர்ந்து, அழுத்தம் கூடினால் டீசலைக் கூட்டியும் குறைந்தால் குறைத்தும் விடும் ஒரு மென்தகட்டு அமைப்பு உண்டு. பின்னர் வரும் விடயங்கள் பலவற்றுக்கு இந்தத் தகடே சாவி.

மூன்று மாதங்களுக்கு முன்னர் வேறொரு கராஜில் டர்போவின் வாயிலிருந்து பின்சக்கரம் தாண்டும் வரை மூன்று அங்குல விட்டமுள்ள நேர்குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சைலன்சர் முழுவதும் நீக்கப்பட்டு, இடையில் பேருக்கு ஒரு சிறு உருளை வைக்கப்பட்டிருந்தது. வெல்டிங் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவுகளும் நசுங்காமல் இருந்தன. ஆனால் பழைய குழாயின் முன்பகுதியில் இருந்த, புகையை மறித்து இறக்கத்தில் லொறியைப் பிடித்துவைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வால்வை, புதிய குழாயின் விட்டத்துக்குப் பொருந்தாது என்பதால், கழற்றி ஒரு சாக்கில் போட்டு உரிமையாளரின் கையில் கொடுத்துவிட்டார்கள். பலகடுவ இறக்கத்தில் கருகிய லைனரின் கதை அந்தச் சாக்கில் இருந்தது.

நல்வாய்ப்பாக, பழைய சைலன்சரையும் அவர் எறிந்துவிடவில்லை. வீட்டுக் கோடியில் வேலியோரம் கிடந்தது. அது அங்கே கிடந்திராவிட்டால் இந்த ஆய்வை எழுதியிருக்கவே முடியாது.

டர்போவுக்குப் பின்னால் குழாய் என்ன செய்கிறது

யாழ்ப்பாணத்து மோட்டார் தொழிலுக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகள் இங்குள்ளவை. மானிகள் இல்லாத நிலையில் சத்தத்தைக் கேட்டே காபரேற்றரைச் சரிசெய்த அந்தத் தலைமுறையிடம்தான் எங்களிற் பலர் தொழில் பழகினோம். எனவே சத்தத்தின் மீது எமக்கு அளவுகடந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தக் கார்கள் டர்போ இல்லாதவை. அவற்றில் புகைக்குழாயின் நீளமும் விட்டமும், ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் அலை அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துச் செல்ல உதவும் அளவுக்கு இசைவாக அமைய வேண்டும். குழாய் மிகப் பெரிதானால் அந்த இழுப்புத் தளர்ந்து, குறைந்த சுற்றில் இழுவை குறைந்துவிடும். “இயந்திரத்துக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேணும்” என்று கராஜ்களில் சொல்லப்படும் வாக்கு அங்கிருந்து வந்தது. பின்னழுத்தம் என்பது, வெளியேறும் புகைக்குக் குழாய் காட்டும் தடையால் எழும் அழுத்தம். அந்த இயந்திரங்களுக்குக்கூட வேண்டியது அலையின் இசைவே, அழுத்தம் அல்ல.

டர்போ இயந்திரத்தில் அந்த அலைகள் பெரும்பாலும் டர்பைன் சக்கரத்தோடு முடிந்துவிடுகின்றன. சக்கரத்தைச் சுழற்றுவது, அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான விகிதமும் புகையின் வெப்பமும். பின்னால் அழுத்தம் குறைந்தால் விகிதம் கூடும், சக்கரம் சற்று முன்னதாகவே வேகம் எடுக்கும். ஆகவே டர்போவுக்குப் பின்னழுத்தம் தேவை என்பது தவறு, குறைந்தால் நன்மையே. குழாய் விற்பவர்களின் வாதம் இந்த இடம் வரை முற்றிலும் சரியானது.

அதற்கு அப்பால்தான் சிக்கல். முதலாவதாக, டர்போவில் ஒரு கழிவு வாயில் இருக்கிறது. காற்றழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அது திறந்து, மிகுதிப் புகையைச் சக்கரத்தைச் சுற்றிப் பின்னால் விட்டுவிடும். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உச்ச அழுத்தம் அந்த வாயில் அனுமதிக்கும் அளவோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது: டீசல் இயந்திரத்தின் வலுவைத் தீர்மானிப்பது உள்ளே விடப்படும் டீசலின் அளவு. பெற்றோல் இயந்திரத்தில் காற்றைக் கூட்டினால் அதற்கேற்பப் பெற்றோலும் கூடும். டீசல் இயந்திரமோ எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடுதான் ஓடுகிறது. பம்ப் தனது முழு அளவு டீசலை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், மேலதிகக் காற்று புகையின் கருமையையும் வெப்பத்தையும் சற்றுக் குறைக்குமேயன்றி, புதிதாக எரிவதற்கு எதுவும் இல்லை.

அப்படியானால் குழாயால் நேரடியாகக் கிடைப்பது என்ன? பிஸ்ரன் புகையை வெளியே தள்ளும்போது செலவாகும் வலுவில் ஒரு மிச்சம். இதைத் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3.9 லீற்றர் இயந்திரம் நிமிடத்துக்கு 2,600 சுற்றில் ஓடும்போது, பிஸ்ரன்கள் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 0.085 கனமீற்றர் இடத்தைக் காலி செய்கின்றன. பின்னழுத்தத்தில் 10 கிலோபாஸ்கலைக் குறைத்தால் மிச்சமாவது 0.85 கிலோவாட். டர்பைனுக்கு முன்னாலும் அழுத்தம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறையும் என்பதால், தாராளமாக அதை இரட்டித்து 1.7 கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோவாட் தரும் இயந்திரத்தில் இது நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை.

குழாயின் விட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே அளவு புகை ஓடும்போது குழாய்ச் சுவரின் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். விட்டம் கால் பங்கு கூடினாலே இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். கேட்பவரை மயக்கும் கணக்கு இது. மூன்றில் ஒரு பங்கானது எதனுடையது என்பதைக் கேட்டால் மயக்கம் தெளியும்: ஏற்கெனவே சிறிதாக இருந்த ஒன்றினுடையது.

அளந்த முறை

தாளில் வந்ததை வீதியில் பார்க்க விரும்பினோம். டர்போவுக்குப் பின்னால் குழாயில் துளையிட்டு ஒரு நட்டை வெல்ட் செய்து, அதிலிருந்து ஒரு முழ நீளச் செப்புக் குழாயையும், வெப்பம் தணிந்த முனையில் ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயையும் இணைத்தோம். பிளாஸ்ரிக் குழாயை ஆங்கில ‘யூ’ வடிவில் வளைத்து, ஒரு பனஞ்சலாகையில் கட்டி, பாதியளவு நிறமூட்டிய நீர் ஊற்றி, சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் நிறுத்தினோம். இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு 10.2 சென்ரிமீற்றராக இருந்தால் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல். இதைவிட மலிவான, இதைவிடப் பொய் சொல்லாத அழுத்தமானி எதையும் நான் அறியேன். டர்போ அழுத்தத்துக்கு ஒரு சாதாரண பூஸ்ற் மானியையும், டர்பைனுக்கு முன்னாலுள்ள புகையின் வெப்பத்துக்கு ஒரு வெப்பவிணை மானியையும் பொருத்தினோம்.

சுமைக்குச் சீமெந்து. தலா 50 கிலோ எடையுள்ள 80 பைகள், அதாவது 4,000 கிலோ. மரக்கறியைப் போலச் சீமெந்து வாடி எடை குறைவதில்லை. எல்லா ஓட்டத்துக்கும் சுமை ஒன்றாகவே இருந்தது. இடம், ஏ9 வீதியில் பளைக்கும் ஆனையிறவுக்கும் இடையிலுள்ள சமதரை. சோளகம் வீசும் காலமாதலால் நண்பகலில் அங்கே கடனீரேரிப் பக்கமிருந்து அடிக்கும் காற்று லொறியின் கூண்டையே அசைக்கும். எனவே விடிய ஐந்தரை மணிக்கு, வீதி வெறுமையாக இருந்த வேளையில், இரு திசையிலும் மும்மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுத்தோம். நான்காம் கியரில், முழு அக்சிலேற்றரில், மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றரை எட்ட ஆகும் நேரமே அளவுகோல். ஒரே நிலையில் மீண்டும் மீண்டும் ஓட்டியபோது நேரம் அரைச் செக்கன் வரை கூடிக் குறைந்தது. அரைச் செக்கனுக்குட்பட்ட எந்த வேறுபாட்டையும் வேறுபாடு என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டோம்.

கண்டவை

லொறி வந்த நிலையில், மூன்று அங்குலக் குழாயோடு, நேரம் 23.4 செக்கன். பூஸ்ற் மானி 0.6 பாருக்கு மேல் ஏறவேயில்லை. குழாய் இவ்வளவு தாராளமாக இருந்தும் டர்போ ஏன் அழுத்தம் கட்டவில்லை என்பது எங்களை உறுத்தியது. லொறியை நிறுத்தி, காற்று வரும் பாதையை அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்று விட்டுச் சவர்க்கார நுரையைப் பூசினோம். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரின் கீழ் ஹோஸ் கிளிப் மாட்டியிருந்த இடத்தில் நுரை கொத்தாகப் பொங்கியது. கிளிப்பைக் கழற்றியபோது இறப்பரில் விரல் நீள வெடிப்பு. அதைச் சுற்றி ஒயில் படிந்து, அதன்மேல் செம்மண் அப்பி, களிமண் பூசியதுபோல் இருந்தது. உரும்பிராய், நீர்வேலி தோட்டத் தரைகளுக்குள் போய் வரும் வாகனங்களின் எயார் கிளீனரைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதை இவ்வூரில் விளக்கத் தேவையில்லை. அதையும் மாற்றினோம்.

குழாயைத் தொடாமல், புதிய ஹோஸும் எயார் கிளீனரும் போட்டு ஓட்டியபோது நேரம் 20.1 செக்கனாகக் குறைந்தது. பூஸ்ற் 0.8 பாரை எட்டி அங்கே நின்றது. சந்தைக்குப் போய்வரும் நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

அடுத்து, கோடியில் கிடந்த பழைய சைலன்சரை மீண்டும் பொருத்தினோம். மூன்றாம் கியரில் 2,600 சுற்றை நெருங்கும்போது, யூ குழாயின் ஒரு பக்கத்து நீர் முழுவதும் தள்ளப்பட்டு மறுமுனையால் பீறிட்டு முன்கண்ணாடியில் அடித்தது. சலாகையைப் பிடித்துக்கொண்டிருந்த எமது உதவியாளரின் சட்டை நனைந்து நீலமானது. நீர்மானியின் எல்லை கடந்துவிட்டதால் முள்மானி ஒன்றை மாட்டி மீண்டும் ஓட்டினோம்: 23 கிலோபாஸ்கல். இவ்வகை டீசல் இயந்திரங்களுக்கு வழமையாக ஏற்கப்படும் எல்லை 10 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். ஹோஸும் எயார் கிளீனரும் புதியனவாக இருந்தும் நேரம் 24.5 செக்கனாக ஏறியது. டர்பைனுக்கு முன்னால் வெப்பம் 680 பாகை செல்சியஸைத் தொட்டது.

பின்னர் வெடித்த பழைய ஹோஸையும் தூசி அடைத்த எயார் கிளீனரையும் அந்தச் சைலன்சரோடு சேர்த்துப் பொருத்தினோம். குழாய் மாற்றுவதற்கு முன் லொறி இருந்த நிலையை இயன்றவரை மீளக் கொண்டுவருவதே நோக்கம். நேரம் 28 செக்கன். உரிமையாளர்தான் ஓட்டினார். பாதித் தூரத்திலேயே, “இதுதான், இதுதான், இப்பிடித்தான் செத்துச் செத்து ஏறினது” என்றார்.

கடைசியாக, மூலத்தில் இருந்த அதே விட்டத்தில் ஒரு புதிய சைலன்சரையும் குழாயையும், எக்ஸோஸ்ட் பிரேக் வால்வை அதன் பழைய இடத்திலும் பொருத்தி, நல்ல ஹோஸோடு ஓட்டினோம். பின்னழுத்தம் 9 கிலோபாஸ்கல். நீர்மட்ட வேறுபாடு ஒரு கை நீளத்துக்கும் சற்று அதிகம். மூன்று அங்குலக் குழாயில் அது வெறும் இரண்டரை கிலோபாஸ்கல்தான். நேரம் 20.6 செக்கன். வெப்பம் 610 பாகை, மூன்று அங்குலக் குழாயில் 600. பூஸ்ற் இரண்டிலும் 0.8 பாரில் நின்றது. மூன்று அங்குலக் குழாயில் ஏறத்தாழ நூறு சுற்று முன்னதாக அங்கே போய்ச் சேர்ந்தது.

எண்களை எவ்வாறு வாசிப்பது

உரிமையாளர் உணர்ந்த மாற்றம் 28 செக்கனிலிருந்து 23.4 செக்கனுக்கு. அது பொய்யன்று, எந்தச் சாரதியும் உணரக்கூடிய மாற்றம். ஆனால் அடைபட்ட சைலன்சருக்குப் பதிலாகச் சாதாரணமான புதிய சைலன்சரைப் போட்டிருந்தாலும் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி கிடைத்திருக்கும். நல்ல ஹோஸோடு புதிய சாதாரண சைலன்சருக்கும் மூன்று அங்குலக் குழாய்க்கும் இடையே எஞ்சுவது அரைச் செக்கன். அது எமது அளவீட்டின் கூடுதல் குறைவுக்குள் அடங்கிவிடுகிறது. தாளில் போட்ட கணக்கும் அதையே சொல்கிறது: ஆறரை கிலோபாஸ்கல் குறைந்தால் அரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேல், இரட்டித்தாலும் ஏறத்தாழ ஒரு கிலோவாட், நூற்றுக்கு ஒன்று கூடினால் இருபது செக்கனில் கால் செக்கனளவு குறையலாம். குழாய் எந்த நன்மையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்த நன்மை, ஒரு சாக்கு வெங்காயத்தைக் குறைத்து ஏற்றுவதற்குச் சமமான அளவு என்றே சொல்கிறேன்.

அடைப்பு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய கேட்டைச் செய்தது என்ற கேள்வி நியாயமானது. 23 கிலோபாஸ்கலுக்கும் 9 கிலோபாஸ்கலுக்கும் இடையிலுள்ள 14 கிலோபாஸ்கலை அதே கணக்கில் போட்டால் இழப்பு இரண்டரைக் கிலோவாட்டைத் தாண்டாது. நான்கு செக்கனை அது விளக்காது. விளக்குவது பம்பிலுள்ள அந்த மென்தகடு. பின்னால் அழுத்தம் ஏறியதால் டர்பைன் சோர்ந்தது. டர்பைன் சோர்ந்ததால் பூஸ்ற் தாழ்ந்தது. பூஸ்ற் தாழ்ந்ததால் தகடு டீசலைக் குறைத்தது. டீசல் குறைந்ததால் புகை குறைந்து டர்பைன் மேலும் சோர்ந்தது. ஹோஸ் வெடிப்பும் அதே சங்கிலியை மறுமுனையிலிருந்து இழுத்தது. நல்ல நிலையிலுள்ள லொறியில் இந்தச் சங்கிலி தொடங்குவதேயில்லை. எனவே குழாயைப் பெருப்பிப்பதால் மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

பழைய சைலன்சரைக் கிரைண்டரால் நெடுக வெட்டித் திறந்து பார்த்தோம். உள்ளே துளைக்குழாய் உக்கி, நடுத்தடுப்புத் தகடுகளில் ஒன்று வெல்ட் விட்டுச் சரிந்து, வெளியேறும் வாயை முக்கால்வாசி மூடியிருந்தது. அதன் மேல் விரற்கடை கனத்துக்குக் கரி. உப்புக்காற்றில் நாள்தோறும் கடனீரேரியைக் கடந்து போய் வரும் வாகனத்தில் வெளித்தகடு உக்குவதற்கு முன்பே உட்தகடு உக்குவது புதினமன்று. வெளியே வெள்ளிப் பூச்சு அடித்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கையால் குலுக்கியிருந்தால் கலகலத்திருக்கும்.

எரிபொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தம்புள்ளைக்கு ஒரு வழி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தாங்கியை நிரப்பி நிரப்பிப் பார்த்த நான்கு பயணங்களில், இரண்டு குழாய்களுக்கும் இடையே ஒரு லீற்றருக்கு நூறு மீற்றர்கூட வேறுபாடு தெரியவில்லை. காற்றும் சுமையும் அதைவிடப் பெரிய வேறுபாட்டைச் செய்கின்றன.

கொடுத்த விலை

குழாய்க்குக் கொடுத்த காசு ஒரு சோடி ரயருக்கு அண்மித்தது, அது போகட்டும். எக்ஸோஸ்ட் பிரேக் போனதே உண்மையான நட்டம். இந்த வால்வு குழாயை மூடும்போது புகை வெளியேற வழியின்றி இயந்திரத்துக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறி, பிஸ்ரன்கள் அதற்கெதிராக உழைக்க, லொறி இயந்திரத்தாலேயே பிடித்து நிறுத்தப்படுகிறது. நூற்றுக்கணக்கான கிலோபாஸ்கல் அளவில் எழும் அந்தப் பின்னழுத்தம் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வழுக்கையாற்றுப் பாலத்தை மேடு என்று சொல்லும் ஊரில் அந்தப் பொத்தானைத் தொடாமலே ஒரு சாரதி ஆயுளைக் கழித்துவிடலாம். வால்வைக் கழற்றியவர்களும் இந்த ஊரின் தரையை வைத்தே யோசித்திருக்க வேண்டும். இந்த லொறியோ, சில வாரங்களில் லீக்ஸும் கரட்டும் ஏற்ற நுவரெலியாவுக்குப் போவது. 1,868 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடை வழியாக முழுச் சுமையோடு இறங்கும் வாகனத்தில் அந்த வால்வு இல்லாதிருப்பதை எந்த அரைச் செக்கனாலும் ஈடுசெய்ய முடியாது. பின்சக்கர ட்றம் இரண்டும் நீலம் பாரித்து, லைனர்கள் கண்ணாடிபோல் மினுங்கின. நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

சத்தம் அடுத்தது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சைலன்சர் இல்லாத வாகனம் வீதியில் ஓடக்கூடாது. டர்போ தானே புகையின் இரைச்சலை ஓரளவு விழுங்கிவிடும் என்பதால், நேர்குழாயிலும் சத்தம் பொறுக்கத்தக்கது என்று சிலர் வாதிப்பார்கள். வெளியே நிற்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். கூண்டுக்குள்ளேயோ 1,700 சுற்றை அண்டிய இடத்தில் ஒரு தாழ்ந்த முழக்கம் எழுந்து கதவுத் தகடுகளை அதிரவைத்தது. வவுனியா தாண்டி நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும்போது இயந்திரம் நிற்பதும் ஏறத்தாழ அதே சுற்றில்தான்.

குழாய் எப்போது பயன் தரும்

இந்த முடிவை எல்லா டர்போ வாகனங்களுக்கும் நீட்ட நான் விரும்பவில்லை. குழாயில் ஏற்படும் இழப்பு புகையின் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பம்பில் டீசலைக் கூட்டி, பெரிய டர்போவைப் போட்டு, இயந்திரம் கால் பங்கு கூடுதலான புகையைக் கக்கத் தொடங்கினால், அதே குழாயில் இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். அப்போது மூலக் குழாய் உண்மையிலேயே இடுக்காகிவிடும், பெரிய குழாய் வெப்பத்தைத் தணித்து டர்பைனைக் காக்கும். அவ்வாறான வேலையில் குழாய் முதற்படியாக வருவதில்லை. மற்றவற்றைச் செய்ததன் பின்விளைவாக வருகிறது. பின்னாள் ஹைலக்ஸ் போன்ற, அசையும் இதழ்கள் கொண்ட டர்போவும் கணினியும் உள்ள வாகனங்களில், பூஸ்ற் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பெரிய குழாய் போட்டால் அது இதழ்களைச் சற்றுத் திறந்து பழைய அளவிலேயே பூஸ்றை நிறுத்திவிடும். டீசல் துகள் வடிகட்டி உள்ள புதிய வாகனங்களின் கதை வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

செய்து கொடுத்ததும் பின்னர் பார்த்ததும்

மூல விட்டத்திலான சைலன்சரையும் எக்ஸோஸ்ட் பிரேக்கையுமே நிரந்தரமாகப் பொருத்தினோம். உரிமையாளர் உடன்பட்டாலும் மனம் ஒப்பவில்லை. முதல் ஓட்டத்திலேயே, “சத்தம் போனதோட இழுவையும் போன மாதிரிக் கிடக்கு அண்ணை” என்றார். நேரமானியை அவருடைய கையில் கொடுத்து, அவருடைய மகனை ஓட்டவிட்டோம். 20.6, 20.4, 20.7. மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு அவர் மானியைத் திருப்பித் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மாதத்துக்குப் பின்னர் புகைப் பரிசோதனைக்கு முன்பாக லொறி மீண்டும் வந்தது. வெல்ட் செய்த நட்டை எடுத்துவிடாமல் ஒரு போல்ற்றால் அடைத்து வைத்திருந்தோம். அதைக் கழற்றிப் பனஞ்சலாகையை மாட்டினோம். ஒன்பதரை கிலோபாஸ்கல். இன்ரர்கூலர் ஹோஸ் உலர்ந்திருந்தது. அதற்கிடையில் மூன்று தடவை நுவரெலியாவுக்குப் போய்வந்திருந்தும் லைனரில் கருகிய அடையாளம் இல்லை. எயார் கிளீனரில் மட்டும் வழமைபோல் செம்மண், அதை மாற்றிவிட்டோம். மூன்று அங்குலக் குழாய் எமது திருத்தகத்தின் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை விலை கேட்டு இதுவரை இருவர் வந்தார்கள். இருவருடைய லொறியிலும் முதலில் அந்த நட்டை வெல்ட் செய்தோம். ஒருவருடையதில் 8 கிலோபாஸ்கல் காட்டியது. மற்றவருடையதில் நீர் மீண்டும் கண்ணாடியில் அடித்தது, அவர் புதிய சைலன்சர் வாங்கப் போனார்.